புஷ்பா எழுதாத கடிதம்

எங்கள் தோட்டக் குழுமத்தின் அலுவலகங்களில் ஒரு விதி உண்டு. வெளியே போகிற எந்தக் கடிதத்தையும் கணினியில் வெற்றுப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, வேறு பெயரில் சேமித்து அனுப்பக் கூடாது. அனுப்பும் முன் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, எழுதியவர் என்று யார் பெயர் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததற்கு அடையாளமாகப் பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும்.

இளம் கிராணிமாருக்கு, அதாவது அலுவலக எழுத்தர்களுக்கு, இந்த விதி பிடிப்பதில்லை. சென்ற மாதம் எங்கள் ஒன்றுகூடலில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து மீகூன் சாப்பிட்டுக்கொண்டே, "எந்தப் புண்ணியவான் கொண்டாந்த ரூல்ஸ் லா இது? ஒரு லெட்டர் அடிக்கிறதுக்குள்ள உயிர் போவுது" என்று அலுத்துக்கொண்டாள். புண்ணியவான் இல்லை, பெண்ணே. புண்ணியவதி. உன் பக்கத்தில் உட்கார்ந்து மீகூன் சாப்பிட்டவள்தான். அப்போது சொல்ல வாய் வரவில்லை. குழுமத்தின் சிறப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ரெஜினா. ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து, கடைசி இரண்டு வருடம் ஆலை வாசலில் லோரிகளை நிறுக்கும் நிறுவைக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பெரிய நாற்காலியிலிருந்து நிறுவைக்கூடத்துக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. நான் எப்படிப் போனேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில், அது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில், பால் மரம் வெட்டியவர்கள். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, சிரம்பானில் தட்டச்சு படித்து, பத்தொன்பதாவது வயதில் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். அப்போதைய பெரிய கிராணி தங்கையா. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இடது மூலையில் சொன்னவரின் முதலெழுத்தைப் பெரிதாகவும், ஒரு சாய்ந்த கோடு போட்டு, அடித்தவரின் முதலெழுத்தைச் சிறிதாகவும் அடிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒருமுறை நான் அதை விட்டுவிட்டேன். முழுக் கடிதத்தையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "தப்பு வந்தா எந்தக் கைன்னு தெரியணும். இல்லாட்டி எல்லாக் கையையும் சந்தேகப்படணும்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் முறை அடித்தபோது மூன்று பிழை விட்டேன்.

அவருடைய கடைசி வருடங்களில் கணினி வந்தது. பொருத்த வந்த பையன் யார் பெயரில் பதிவது என்று கேட்டான். பெரிய கிராணி யாரோ அவர் பெயரில்தான் என்று மேனேஜர் சொன்னார். அப்படித்தான் தங்கையாவின் பெயர் அந்தப் பெட்டிக்குள் போனது. அவர் அதன் விசைப்பலகையை ஒரு நாளும் தொட்டதில்லை. மாலையானால் அதன் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போவார், அவ்வளவுதான் அவருக்கும் கணினிக்கும் இருந்த உறவு. கடிதங்களை அடித்ததெல்லாம் நான்.

அந்தக் காலத்திலேயே எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. கடிதத்தை யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை. மேலே விலாசம், கீழே கையெழுத்து, நடுவில் தலைப்பு எல்லாம் ஒழுங்காக அமைந்த பழைய கடிதம் ஒன்றைத் திறப்போம். "தலையும் காலும் இருக்கட்டும், வயித்த மட்டும் மாத்து" என்பது எங்கள் பேச்சு. வயிற்றை மாற்றி வேறு பெயரில் சேமித்தால் வேலை முடிந்தது. தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு மனு எழுதுகிறவர்கள், கோயில் திருவிழாவுக்கு அனுமதி கேட்கிறவர்கள் எல்லாரும் எங்களிடம் பென்டிரைவில் இப்படி ஒரு கடிதத்தை வாங்கிப் போய் வயிற்றை மாற்றிக்கொள்வார்கள். கணினிகள் மாறின. கடிதங்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளை குட்டிகளோடு குடிபெயர்ந்தன.

ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு மேனேஜர் ஜமால் வந்த பிறகுதான் தெரியும். போர்ட்டிக்சனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவர். எங்களோடு தமிழில் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் மேசையில் இருக்கும் இரும்பு அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிப்பார். நகர்த்துவது நின்றால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "எப்படித் தெரியும்?"

ஒருமுறை, வேலையாட்களை மேய்க்கும் ஒரு மண்டோர், தன் பிரிவில் வடிகால் எல்லாம் சுத்தம் செய்தாயிற்று என்று கைப்பேசிப் படம் கொண்டுவந்தார். பளிச்சென்று தண்ணீர் ஓடும் வடிகால். ஜமால் படத்தைப் பார்த்தார், வெளியே பார்த்தார். பத்து நாளாக மழையில்லை. என்னைக் கூப்பிட்டு, "இந்தப் படம் எப்ப எடுத்ததுன்னு பாக்க முடியுமா?" என்றார். தடவித் தடவி, கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் என்ற பக்கத்தைக் கண்டுபிடித்தேன். படம் எடுத்த நாள் அங்கே இருந்தது. ஏழு மாதம் முந்தைய நாள். ஜமால் திட்டவில்லை. "வாங்க, வடிகாலப் பாக்கப் போவோம்" என்று அவரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். மறுநாளே வடிகால் சுத்தமாகிவிட்டது.

அதிலிருந்து நான் ப்ராப்பர்ட்டீஸ் கிராணி ஆகிவிட்டேன். எனக்கும் அது ஒரு போதையாகிப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் காட்டும், கோப்பு பிறந்த தேதியை நம்பக் கூடாது, கோப்பை ஒரு பென்டிரைவுக்கு நகல் எடுத்தாலே அது நகல் எடுத்த தேதியாகிவிடும் என்று கண்டுகொண்டேன். அதனால் சில கோப்புகள் பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டதுபோலத் தெரியும். டீட்டெயில்ஸ் பக்கத்தில் உள்ளேயே பதிவான தேதி வேறு. கடைசியாகச் சேமித்தவர் யார், எத்தனை தடவை சேமித்தார்கள், மொத்தம் எவ்வளவு நேரம் திறந்து வைத்துத் திருத்தினார்கள் எல்லாம் அங்கே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. யார் எதை அனுப்பினாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். மற்றவர்கள் கோப்பில் மட்டும்.

புஷ்பா அலுவலகத்துக்கு வந்தது தங்கையா இறந்து சில வருடங்களுக்குப் பிறகு. கணவரை விபத்தில் பறிகொடுத்தவள். ஐந்தாம் படிவம் படிக்கும் மகள். ஊழியர் வீடுகளில் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள், ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலை போனால் வீடும் போகும், பரீட்சை வருடத்தில் மகளுக்குப் பள்ளியும் மாறும். கல்லூரியில் முறையாகக் கணினி படித்திருந்தாள். அவள் மேசைக்கு வந்த புதிய கணினியைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டாள். எங்கள் வயிறு மாற்றும் வேலை அவளுக்குச் சரிப்படவில்லை. "அக்கா, எவனோ அடிச்ச லெட்டர்ல நா ஏன் லா ஒட்டுப் போடணும்?" என்று சிரித்துக்கொண்டே வெற்றுப் பக்கத்தில் தொடங்குவாள். எனக்கு டெங்கி காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, எங்கள் சிற்றாலயத் திருவிழா ஊர்வலத்துக்கு அனுமதி கேட்கும் கடிதத்தை எனக்காக அவள்தான் அடித்தாள். அவள் இந்து. கேட்டதும் மறு பேச்சில்லாமல் அடித்து, பென்டிரைவில் போட்டு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு எனக்குக் கஞ்சியும் வைத்துவிட்டுப் போனாள்.

ஜமால் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். உதவி மேனேஜர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் மருந்தடிக்கும் கும்பலில் காளியம்மா வேலைக்காட்டிலேயே மயங்கி விழுந்தாள். முகமூடியில் மாட்டும் வடிகட்டி மாற்றிப் பல மாதம் ஆகியிருந்தது. விபத்துப் பதிவேட்டில், காலையில் பசியாறாமல் வந்ததால் மயக்கம் என்று எழுதச் சொன்னார் உதவி மேனேஜர். நான் எழுதவில்லை. அவரே எழுதிக்கொண்டார். வடிகட்டி கேட்டு இரண்டு முறை அவரிடம் போனேன். மூன்றாம் முறை, "நீங்க கிராணியா, டாக்டரா?" என்றார். சாயங்காலம் காளியம்மா அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, "நா காலையில நாசி லெமாக் துன்னுட்டுத்தானே போனேன், கிராணியம்மா. எம்மவதான் வாங்கியாந்தா. ஏன் துன்னலன்னு எழுதிட்டாங்க?" என்று கேட்டாள். மயங்கி விழுந்ததைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மகன் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். பெயர் போட எனக்குத் தைரியம் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் நல்ல பெயர் எடுத்தவள், கடைசியில் போட்டுக்கொடுத்தவள் என்ற பெயரோடு போக வேண்டுமா என்று நினைத்தேன். பென்டிரைவில் கைக்கு வந்த கடிதத்தைத் திறந்தேன், வயிற்றை அழித்தேன், வேறு பெயரில் சேமித்தேன். திரும்பத் திரும்பத் திருத்திச் சாயங்காலம்தான் முடித்தேன். புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கி அனுப்பினேன். நான் திறந்தது எங்கள் ஊர்வலக் கடிதத்தை. புஷ்பா அடித்ததை.

தலைமை அலுவலகம் முதலில் தேடியது வடிகட்டியை அல்ல, எழுதியவரை. ஒரே வாரத்தில் ஒரு தாள் வந்தது. அந்தக் கோப்பின் டீட்டெயில்ஸ் பக்கத்தை அப்படியே அச்சடித்து, ஆத்தர் என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் புஷ்பாவின் முழுப்பெயர். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் வெறும் 'யூசர்' என்றுதான் இருந்தது. என் மகன் அந்த மடிக்கணினியைப் பழையதாக வாங்கியபோதே அதில் பதிந்திருந்த பெயர் அதுதான். புஷ்பா வீட்டில் கணினியே இல்லை என்று யாரோ சொன்னதற்கு, வெளியே எங்காவது கடையில் அடித்திருப்பாள் என்று பதில் வந்தது. உதவி மேனேஜர் அன்றே இடைநீக்கக் கடிதத்தைத் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தார். நிறுவனத்தின் மேல் அவதூறு, விசாரணை வரை வேலைக்கு வரக் கூடாது.

அந்தத் தாளைப் பார்த்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரார் கோப்பையெல்லாம் திறந்து பார்த்தவள், என் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் புஷ்பா என் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அக்கா, இந்த ப்ராப்பர்ட்டீஸ் கதையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நா எழுதலன்னு காட்டுங்க அக்கா. உங்களால முடியும்" என்றாள். முடியும், காட்டுகிறேன் என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், அலமாரியில், அந்த மடிக்கணினி இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

அவள் பெயரை விடுவித்துவிட்டால் என் பெயரைச் சொல்லத் தேவையிருக்காது என்று கணக்குப் போட்டேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. ஒன்பது நாள் அந்தக் கணக்கோடுதான் சாப்பிட்டேன், செபமாலை சொன்னேன்.

ஒன்பதாம் நாள் விசாரணை. ஜமால் மொட்டைத் தலையோடு ஹஜ்ஜிலிருந்து திரும்பியிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பணியாளர் பிரிவு அதிகாரி ஒரு பெண்மணி வந்திருந்தார். மலாய்க்காரர், கண்டிப்பானவர், ஆனால் முரடர் இல்லை. அவரோடு பேசியதெல்லாம் மலாயில், இங்கே தமிழில் எழுதுகிறேன். ஜமால் ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் அடிக்கோலை வைத்துக் கோடு கிழித்தார். இடப்பக்கம் 'தெரிந்தது', வலப்பக்கம் 'தெரியாதது' என்று எழுதினார். புஷ்பா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"எழுதியவர் பெயர் கோப்பிலேயே இருக்கிறது" என்றார் அதிகாரி.

நான் எழுந்தேன். அலுவலகக் கணினியில் பொதுக் கோப்புறையைத் திறந்து, புஷ்பாவுக்குக் கொடுத்த இடைநீக்கக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "இது உதவி மேனேஜர் அடித்த கடிதம். இதன் ஆத்தரைப் பாருங்கள்" என்றேன். வலது பொத்தான், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ். ஆத்தர்: தங்கையா.

"யார் இந்தத் தங்கையா?" என்றார் அதிகாரி.

"எனக்கு முன்னால் இங்கே பெரிய கிராணியாக இருந்தவர். இறந்து பல வருடம் ஆகிறது."

உதவி மேனேஜர் எட்டிப் பார்த்தார். சென்ற மாத அறிக்கையைத் திறந்தேன். தங்கையா. தலைமை அலுவலகத்துக்குப் போன மழை அளவு விவரம். தங்கையா. கடைசியாக ஜமால் ஹஜ் விடுப்பு கேட்டு எழுதிய விண்ணப்பத்தைத் திறந்தேன். அதற்கும் தங்கையாதான் ஆத்தர். ஜமாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் ஹஜ் லெட்டரயும் அவருதான் எழுதிக் கொடுத்தாரா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, அதிகாரிக்கு மலாயில் விளக்கினார்.

முதலில் கோப்பைத் தொடங்கிய கணினியில் பதிந்த பெயர்தான் அங்கே நிற்கும், வயிற்றை எத்தனை பேர் மாற்றினாலும் அது மாறாது என்று நான் சொன்னேன். அதிகாரியின் மேசையிலேயே ஒரு கடிதத்தை எடுத்து, எல்லாவற்றையும் அழித்து, வேறு பெயரில் சேமித்துக் காட்டினேன். உள்ளே பதிவாகும் பிறந்த நேரம் புதிதாகியது. ஆத்தர் அசையவில்லை. இந்த அலுவலகத்தில் வெற்றுப் பக்கத்தில் தொடங்குகிற ஒரே ஆள் புஷ்பா, அதனால்தான் தோட்டத்தில் சுற்றுகிற கடிதங்களில் அவள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒழுங்காக வேலை செய்ததற்குத்தான் மாட்டிக்கொண்டாள் என்று முடித்தேன். நன்றாகத்தான் பேசினேன். புஷ்பா முகத்தில் ஒன்பது நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது.

ஜமால் 'தெரிந்தது' என்ற பக்கத்தில் ஏதோ எழுதினார். அதிகாரி யோசித்தார். "சரி. இந்தப் பெயரை வைத்து அவர்தான் எழுதினார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் எழுதவில்லை என்றும் இது சொல்லவில்லையே. எழுதியவர் தெரியும்வரை இடைநீக்கம் இருக்கட்டும். வேலையை நிரந்தரமாக்குவதையும் நிறுத்தி வைப்போம்" என்றார்.

சொன்னதில் பிழையில்லை. நான் கஷ்டப்பட்டு நிரூபித்தது அவளை அரைக் கிணறுதான் தாண்ட வைத்திருந்தது. புஷ்பா என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதாவது வைத்திருப்பீர்கள்தானே அக்கா என்கிற பார்வை. என் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. உட்கார்ந்திருந்தால் பேச வராது என்று நின்றுகொண்டே, "சார், அந்த வலது பக்கத்துல என் பேர எழுதிக்குங்க. அந்த லெட்டர எழுதுனது நான்" என்றேன்.

அதிகாரிதான் முதலில் பேசினார். நல்ல மனசுக்காரர், தோழியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று ஜமாலிடம் சொன்னார். கோப்பில் என் பெயர் எங்கேயும் இல்லையே என்றும் சொன்னார். எழுதாதவள் பெயர் அதில் இருந்தது, எழுதினவள் பெயர் இல்லை. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது.

ஜமால் அடிக்கோலைக் கையில் எடுத்தார். என்னை நேராகப் பார்த்து, "எப்படித் தெரியும்?" என்றார்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கால் மணி நேரத்தில் மடிக்கணினியோடு வந்தேன். அழிக்காமல் வைத்திருந்தேன். ஏன் அழிக்கவில்லை என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியாது. கோப்பின் டீட்டெயில்ஸ் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். தலைமை அலுவலகம் அச்சடித்த தாளைப் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை வரிக்குக் கீழே நகர்த்தினார். உள்ளே பதிவான நேரம், ஞாயிறு பிற்பகல் இரண்டு பத்து. ஒத்துப்போனது. கடைசியாகச் சேமித்த நேரம், ஆறு நாற்பத்தொன்று. ஒத்துப்போனது. முப்பத்தேழு முறை சேமிப்பு. மொத்தத் திருத்த நேரம் நான்கு மணி இருபது நிமிடம். கடைசியாகச் சேமித்தவர், யூசர். ஒவ்வொரு வரிக்கும் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார், அவர் தலையசைத்தார்.

"நாலு மணி நேரமா அடிச்சீங்க?" என்றார் ஜமால்.

"திருத்தித் திருத்தி அடிச்சேன் சார்."

"நா மக்காவுலேருந்து வந்ததும் என் கிட்ட வந்து ஒரு நிமிஷம் பேசியிருக்கலாமே, ரெஜினா."

அவர் தாளை எடுத்து, 'தெரிந்தது' என்ற இடப்பக்கத்தில் என் பெயரை எழுதினார்.

மற்றவை சீக்கிரம் நடந்தன. புஷ்பாவின் இடைநீக்கம் அன்றே ரத்தானது, அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஜமால் மருந்து ஸ்டோருக்குப் போய், காளியம்மாவின் முகமூடியை வாங்கித் தன் முகத்தில் மாட்டி, ஐந்து நிமிடம் அப்படியே நின்றார். கழற்றியபோது கண் சிவந்திருந்தது. அந்த வாரமே புது வடிகட்டிகள் வந்தன. பதிவேட்டில் பசியாறவில்லை என்ற வரியை அடித்துவிட்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். உதவி மேனேஜரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் நிறுவைக்கூடமும். கடிதத்தில் சொன்னது உண்மை என்பதால் வேலை தப்பியது. சக ஊழியர் மேல் பழி விழுந்தபின்னும் ஒன்பது நாள் பேசாமல் இருந்ததற்குத்தான் தண்டனை என்று ஜமால் தெளிவாகச் சொன்னார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன விதியும் அந்த மாதமே வந்தது.

அலுவலகத்தில் கடிதங்களை அடிப்பது பெரிய கிராணியின் வேலை. பதவி மாற்றம் திங்கட்கிழமையிலிருந்துதான். அதனால் என் எச்சரிக்கைக் கடிதத்தை நானே அடிக்க வேண்டியதாயிற்று. ஜமால் சொல்லச் சொல்ல, வெற்றுப் பக்கத்தில் அடித்தேன். 'கடமை தவறியதற்காக' என்ற இடத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டேன். அவர் அடிக்கோலை நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டினார். திருத்திக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவிகளைப் புஷ்பாவிடம் ஒப்படைத்தேன். அலுவலகத்தில் நாங்கள் இருவர் மட்டும். அந்த நாள்வரை அவள் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்துக்கொண்டு பேசியதுபோல நீளமாகக் கேட்டேன். அவள் சாவிக் கொத்தைப் பார்த்தபடியே, "பேசாம இருந்தத நா மன்னிச்சிடுவேன். பயம் எல்லாருக்கும்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்தக் கோப்பு வந்தாலும் மொதல்ல ப்ராப்பர்ட்டீஸ்தானே பாப்பீங்க? அந்த லெட்டர அனுப்பறதுக்கு முன்னால, அதுல எம் பேரு இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கல புஷ்பா. சத்தியமா பாக்கல."

நான் சொன்னது உண்மை. அந்த மடிக்கணினியில் எத்தனையோ தேதியும் நேரமும் இருந்தன. எப்போது திறந்தேன், எத்தனை முறை சேமித்தேன், எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தேன் என்று எல்லாம் இருந்தது. நான் பார்க்கவில்லை என்பதைக் காட்ட அதில் ஒரு வரிகூட இல்லை. என் சொல் மட்டும்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு மிச்சம் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

புஷ்பா சாவிகளைத் தன் மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"சரிங்க, மேடம்" என்றாள்.